மடியை உதறிக் காட்டும் ஏரம்பர்

அப்புத்துரை கடையின் வாசற்படியில் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார் ஏரம்பர். வெற்றிலைச் சுருள், பாக்குவெட்டி, சுண்ணாம்புப் பேணி, மூக்குக்கண்ணாடிக் கூடு. சால்வையை உதறித் தோளில் போடுகிறார். வேட்டி மடியை அவிழ்த்து, உதறி, மறுபடி செருகுகிறார். பிறகு இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறார். யாராவது வந்து இடுப்பையும் சட்டைப் பையையும் தடவிப் பார்த்து, "சரி" என்று சொன்னால்தான் உள்ளே காலடி வைப்பார். வாங்க வந்தது அரை றாத்தல் சீனி.

செம்மலை ஊருக்கு இது பழகிப்போய்விட்டது. கலியாண வீட்டில் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் வந்து தடவிவிடுவார். செத்த வீட்டில்கூட யாராவது கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி வருவார்கள். அப்புத்துரைக்கு மட்டும் வாய் சும்மா இராது. "மடியிலை கனமில்லாட்டி வழியிலை என்ன பயம், விதானையார்?" என்பார். "தடவிப்போட்டுக் கதையும்" என்பார் ஏரம்பர், கையை இறக்காமல்.

அறுபத்திரண்டு வயது. இருபத்துநான்கு வருஷம் அரசாங்கத்தின் ஊர் அதிகாரியான விதானையாக இருந்தவர். அந்தப் பதவியை அரசாங்கம் இல்லாமலாக்கி, கிராம சேவகர் என்று புது ஆட்களைப் போட்டு இரண்டு வருஷமாகிறது. ஊர் வாய்க்கு இன்னும் அவர்தான் விதானையார். எழுத்து முத்துமுத்தாக இருக்கும். ஆனால் கூட்டுறவுச் சங்கக்கடையில் பெருவிரலை மையில் தோய்த்துத்தான் வைக்கிறார். "கையெழுத்துப் போட்டுப் பட்டது காணும்" என்கிறார். மனேச்சர் வாதாடிப் பார்த்துக் களைத்துவிட்டார்.

இந்தக் கை தூக்கல் அவர் கண்டுபிடித்ததல்ல. பொலிசார் ஒரு வீட்டைச் சோதிக்கப் போனால், ஊர் விதானை சாட்சியாகக் கூடப் போகவேண்டும். உள்ளே போகிற எல்லாரையும், விதானை உட்பட, வீட்டுக்காரன் முதலில் தடவிப் பார்க்கவேண்டும். இல்லாத ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, இருந்ததாக எடுக்கக் கூடாதல்லவா? அந்தப் பக்கத்தில் அதுதான் முறை. முதலில் கை தூக்கவேண்டியவர் விதானை. அவரைப் பார்த்து மற்றவர்கள் தூக்குவார்கள்.

ஏழு வருஷத்துக்கு முந்திய மார்கழியில், கடலின் அக்கரையிலிருந்து அபின் இறக்குகிற பெரிய கூட்டமொன்று செம்மலைப் பக்கத்துக் கரையில் வேலை செய்துகொண்டிருந்தது. யாருடைய லொறி, யார் பின்னால் நிற்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். சொல்லத்தான் ஒருவருக்கும் வாயில்லை. கூட்டத்தைப் பிடிக்கவென்று வெளியூரிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் தனிப்படையோடு வந்து சேர்ந்தார். அவசரகாலச் சட்டம் இருந்த நேரம். நீதவானிடம் ஆணை வாங்காமலே எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். அவ்வளவு அதிகாரத்துக்கும் கடிவாளமாக மிஞ்சியிருந்தது விதானையின் இரண்டு கண்கள்தான். மூன்று மாதம் அலைந்தும் ஒன்றும் அகப்படவில்லை. மேலிடத்துக்குப் பிடித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஒருநாள் மழைக்குள், பக்கத்து ஊரான நாயாற்றில் யாக்கோப்பு குடியிருந்த ஓலை வாடிக்குப் போனார்கள். அவன் ஒரேயொரு வள்ளம் வைத்துப் பிழைத்த மீனவன்.

யாக்கோப்பு மீன் வெட்டிய கையோடு வெளியே வந்தான். இன்ஸ்பெக்டர் முறை தெரிந்தவர், விதானையைத் திரும்பிப் பார்த்தார். ஏரம்பர் வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். செதில் ஒட்டிய அந்தக் கை தன் மடியில் படுவதை நினைத்துப் பார்த்தார். வேட்டி அழுக்காகுமென்று சாட்டுச் சொல்வது வீண் கதை. கரையில் வலை இழுக்கிறவன் தன்னைத் தொடுவதா என்ற எண்ணம்தான் அது. இப்போது கேட்டால் அவரே ஒளிக்காமல் சொல்வார். அந்த எண்ணம் அப்போதே யாக்கோப்புக்கும் விளங்கிவிட்டது. ஓரடி பின்னால் வைத்தான்.

"ஐயாவை நான் தொடுறதோ?"

"தேவையில்லை. நாங்கள் என்ன கள்ளரோ?" என்றார் ஏரம்பர்.

விதானைக்கே இல்லாத சோதனை பொலிசுக்கு எதற்கு? எல்லாரும் அப்படியே உள்ளே போனார்கள்.

ஓலைக்கூரை ஒழுகி, வாடிக்குள் வலையும் பாயும் யாக்கோப்பின் மனைவி புனிதத்தின் மாற்றுச்சேலையும் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தன. வலைக்குள் கையை விட்ட பொலிஸ்காரர் ஓர் அபின் பொட்டலத்தை எடுத்தார். அதன் கடதாசி மட்டும் சரசரவென்று காய்ந்திருந்தது. ஏரம்பர் அதைக் கண்டார். கண்டுகொண்டே சாட்சிக் கையெழுத்தைப் போட்டார். வேலியே பயிரை மேய்ந்ததென்று ஊர் சொல்லும். மேய்ந்தவர்களுக்குப் படலையைத் திறந்துவிட்டவர் இவர்.

அதற்குப் பிறகும் ஒரு வழி இருந்தது. விசாரணையில் நீதவான் பேனையைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போகுமுன் எல்லாரும் சோதிக்கப்பட்டார்களா என்று விதானையிடம் நேராகக் கேட்டார். இல்லையென்றால் யாக்கோப்பு வீட்டுக்குப் போவான், ஏரம்பரின் உத்தியோகம் போகும். "ஓம், ஐயா" என்றார் ஏரம்பர். யாக்கோப்புக்கு இரண்டு வருஷம் மறியல்வீட்டுச் சிறை, வள்ளமும் பறிமுதல். லொறிக்காரர் அடுத்த தையில் இன்னொரு லொறி வாங்கினார்.

விதானைப் பதவி இல்லாமற்போன மாதமே நடந்ததை நடந்தபடி எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார் ஏரம்பர். வழக்கு முடிந்துவிட்டது, கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது என்று மூன்று வரியில் பதில் வந்தது. அவர் கடைசியாகக் கையெழுத்துப் போட்டது அந்த மனுவில்தான். பதில் வந்த அன்று தன் சொந்த வீட்டு வாசலில் முதன்முறையாகக் கையைத் தூக்கினார். மனைவி கமலாசனி பதறிப்போனா. இப்போது விளக்குமாறைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் தடவிவிட்டுப் போகிறா. "சனம் சிரிக்குது, எப்பதான் விடப்போறியள்?" என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான். யாக்கோப்பு ஒருதரம் தன்னைத் தடவிப் பார்க்கட்டும், அதற்குப் பிறகு எந்த வாசலிலும் கை தூக்கமாட்டாராம்.

மாதம் ஒருமுறை சைக்கிளில் நாயாற்றுக்குப் போகிறார். வள்ளம் போன யாக்கோப்பு ஆனையிறவு உப்பளத்தில் கூலி வேலை செய்கிறான், வீட்டில் அகப்படுவது அருமை. ஏரம்பர் படலைக்கு வெளியே மடியை உதறி, கையைத் தூக்கி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவார். புனிதம் முதல்தடவை மட்டும் வெளியே வந்து கதைத்தாள். "வேலை போனாப் பிறகுதான் வாய் வந்ததோ?" என்று கேட்டாள். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை.

போன பங்குனியில் யாக்கோப்பு வீட்டில் இருந்தான். வெற்றிலைச் சுருளும் பேணியும் மணலில் இருக்க, ஏரம்பர் கையைத் தூக்கியபடி நின்றார். யாக்கோப்பு வெளியே வந்து பார்த்தான். உப்பு அரித்து அவனுடைய விரல்கள் பாளம் பாளமாக வெடித்திருந்தன.

"வெயிலுக்கை நிக்காதேங்கோ, ஐயா. உள்ளை வாங்கோ."

"ஒருக்கால் தடவிப் பாத்துவிடு, யாக்கோப்பு" என்றார் ஏரம்பர்.

யாக்கோப்பு நடந்து வந்து படலையை அகலத் திறந்தான். அவர் உள்ளே போவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். பிறகு தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.