முதல் பீஸ் ஆடியவள்

எங்கள் தொழிற்சாலையில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் இது பொங்கலுக்கு முன்பு நடந்தது என்கிறார்கள். தவறு. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போன பெண்கள் திரும்பி வந்து, அவர்கள் கொண்டுவந்த சேவும் கருப்பட்டி மிட்டாயும் தீர்ந்த பிறகுதான் தொடங்கியது. தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நாளைத் தப்பாகச் சொல்கிறவர்கள் சீக்கிரத்தில் ஆளையும் தப்பாகச் சொல்வார்கள். இந்த விஷயத்தில் ஆளே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரகடத்தில் மின்னணுப் பொருள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதனைப் பிரிவில் நிரந்தர ஊழியர். நான் சொல்ல வந்தவள் காண்ட்ராக்ட். விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்துப் பெண். வடக்குப்பட்டில் ஐந்து பெண்களோடு ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். என் மேஜைக்கு எதிர் லைனில் ஸ்குரூ முடுக்குகிற வேலை.

ஒவ்வொரு மாசியிலும் எங்களுக்குக் குடும்ப தினம் உண்டு. நிரந்தர ஊழியர்களின் வீட்டார் வந்து லைனைச் சுற்றிப் பார்த்து, பிரியாணி சாப்பிட்டு, மேடை நிகழ்ச்சி பார்த்துப் போவார்கள். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அழைப்பு கிடையாது. இந்த முறை எச்ஆரில் புதிதாகச் சேர்ந்த இளைஞர், மேடை ஏறுகிற எவரும் வீட்டார் ஒருவரை அழைத்து வரலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார். எவரும் என்றால் எவரும்தானே என்று அவள் வந்து என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன்.

"எங்கம்மையக் கூட்டியாரணும்க்கா" என்றாள் கேன்டீனில். "ஊர்ல ஒருத்தி கேட்டாளாம், ஒம்மவ கம்பெனியிலதான் வேல பாக்கான்னு நீ கண்ணால பாத்தியான்னு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"என்னத்தச் சொல்லும்? பாக்கலன்னு சொல்லியிருக்கு. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போச்சுன்னா, அவ வாய ஒரே போடுல அடச்சிரும்."

இதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பரிசும் வேண்டாம், பெயரும் வேண்டாம். தாய் உள்ளே வந்து பார்க்க வேண்டும்.

ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவளே ஒரு ஆட்டம் அமைத்தாள். லைனில் செய்வதுதான் அத்தனையும். பொருளை எடுப்பது, வைப்பது, முடுக்குவது, பக்கத்தில் தள்ளுவது. லைனில் உடம்பின் நிலைமின்சாரம் பொருளைக் கெடுக்காதிருக்க எங்கள் இடது மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி அதை ஒயரால் மேஜையோடு இணைத்திருப்பார்கள். அதனால் ஆட்டத்திலும் இடது கை பாதி தூரம் போய் வெடுக்கென்று நின்றுவிடும். நடுவில் சூப்பர்வைசர் வருவார்: கைகளைப் பின்னால் கட்டி, கழுத்தை நீட்டி, மூக்கால் பார்ப்பது போல ஒரு நடை. பஸ் நிற்கும் இடத்தில் ஒத்திகை நடந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் டிரைவர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள்.

பிறகு அந்த எச்ஆர் இளைஞர் வீடியோ கேட்டார். குழுவாக வேண்டாம், அவள் மட்டும். தொளதொளப்பான உடை கூடாது. வெள்ளைச் சுவர் முன்னால், தலை முதல் கால் வரை தெரிய வேண்டும். வேறு எந்தத் தொழிலில் இருப்பவர்களும் எதற்கு என்று கேட்டிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை. எங்களிடம் ஒவ்வொரு ஷிஃப்டிலும் முதல் பீஸ் என்று ஒன்று உண்டு. முதலில் ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டும். தரப் பிரிவு பார்த்து ஓகே சொன்னால்தான் லைன் ஓடும். அது எங்கள் ரத்தத்தில் ஊறிவிட்டது. மேலதிகாரிகள் முதல் பீஸ் பார்க்க வேண்டுமாம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அவள் வேர்க்க விறுவிறுக்க ஆடிக் கொடுத்தாள். "பீஸ் ஓகேயா சார்?" என்று கேட்டாள். "சூப்பர் ஓகே" என்றார் அவர். ஊருக்குப் போன் செய்து தாயை டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டாள்.

மாசி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. எங்கள் மாடிப்படியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புச் சுவரொட்டியில் மஞ்சள் ஹெல்மெட்டும் ஆரஞ்சு ஜாக்கெட்டும் போட்டுக் கட்டை விரலைத் தூக்கி நிற்கும் பொம்மை, ஆடிக்கொண்டிருந்தது. எடுத்தது, வைத்தது, முடுக்கியது. கட்டாத பட்டைக்கு அதன் இடது கை வெடுக்கென்று நின்றது. சூப்பர்வைசர் நடை நடந்தது. நடுவில் ஓரிடத்தில் புறங்கையால் நெற்றி முடியை ஒதுக்கியது. பொம்மைக்கு முடி கிடையாது. அது ஆட்டத்தில் சேர்ந்ததும் அல்ல. கையுறை போட்டுப் பழகியவள், வேர்வையில் ஒட்டிய முடியை அப்படி ஒதுக்கியிருக்கிறாள். அதையும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நேராக எச்ஆர் அறைக்குப் போனேன். அவர் பெருமையாக விளக்கினார். ஒரு படம், ஒரு வீடியோ, இரண்டையும் ஏற்றினால் ஏஐ மற்றதைப் பார்த்துக்கொள்ளுமாம். சுவரொட்டிப் படம் இடுப்போடு நின்றதால் முதல் முறை பொம்மையின் கால்கள் கொழகொழவென்று வந்தனவாம். பிறகு முழு உருவம் வரைந்து கொடுத்தாராம். குழுவாக ஆடினால் அது குழம்பிவிடுமாம்.

"அப்போ அந்தப் பொண்ணுங்க?" என்றேன்.

"அவங்க ஐட்டத்துக்குப் பதிலா இதைப் போடறோம்க்கா. ஒரு ஸ்டெப் கூட மிஸ் ஆகல, பாத்தீங்கல்ல? அவங்களுக்கும் பெருமைதானே?"

"அவளைக் கேட்டீங்களா?"

குரலைத் தாழ்த்தினார். "அக்கா, நான் பண்ணலாம்னுதான் இருந்தேன். காண்ட்ராக்ட் ஆளுங்களை ஸ்டேஜ்ல ஏத்தி போட்டோ எடுத்தா, நாளைக்கு அதைக் காட்டி நாங்களும் கம்பெனி ஆளுங்கதான்னு வந்து நிப்பாங்கன்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. இதுல அந்தப் பிரச்சனை இல்ல பாருங்க."

பிரச்சனை இல்லை. பொம்மைக்கு முகவரி இல்லை, ஊரில் தாய் இல்லை, நிரந்தரம் கேட்க வாயும் இல்லை.

"அவ அம்மா உள்ள வர பாஸ்?"

"மேடை ஏறினாத்தானே பாஸ்?"

கூடுவிட்டுக் கூடு பாய்வதைப் பற்றிப் பழங்கதைகளில் நிறையப் படித்திருக்கிறேன். அங்கே பாய்கிறவன் தன் விருப்பத்தில் பாய்வான். விட்டுப்போன உடலைப் பத்திரமாகக் காவல் காக்க ஆள் வைப்பான். இங்கே உடலிலிருந்து ஆட்டத்தை மட்டும் உருவிக்கொண்டு, உடலுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போட்டார்கள். ஆமாம், குடும்ப தினத்தன்றுதான். நிரந்தர ஆட்கள் விழாவில் இருப்பார்கள், லைன் நிற்கக் கூடாது, வீட்டார் சுற்றிப் பார்க்க வரும்போது இயந்திரங்கள் ஓட வேண்டும். காண்ட்ராக்ட் பெண்கள் அத்தனை பேரும் வேலைக்கு வர வேண்டும்; வராதவர்கள் அடுத்த மாதமும் வர வேண்டாம்.

தாயை வரவேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "வந்து என் மூஞ்சியாவது பாக்கட்டும்க்கா" என்றாள். என்னிடம் இருந்த பாஸில் என் கணவரின் படம் ஒட்டியிருந்தது. அதை வைத்து அந்த அம்மாவை எப்படி உள்ளே அழைத்துப்போவது?

ஞாயிறு காலை அந்த அம்மா ஒரு தூக்குவாளியும் துணிப்பையுமாக வாயிலில் நின்றார். பட்டுப் புடவை. பென்னலூர்க்காரரான செக்யூரிட்டி அவரை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்.

"இன்னா மேடம் பண்றது? லிஸ்ட்ல பேர் இல்லாம வுட்டா என் வேலைக்கே வேட்டு வெச்சிடுவானுங்க" என்றார் என்னிடம். "இங்க குந்துனா ஸ்க்ரீன் நல்லாத் தெரியுது. அத்தப் பாத்துகினு இருக்கட்டும்."

மைதானத்து எல்ஈடி திரை அங்கிருந்து உண்மையிலேயே நன்றாகத் தெரிந்தது. நான் விழாவுக்குப் போகாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொம்மை வந்தது. குழந்தைகள் கூச்சலிட்டார்கள். சூப்பர்வைசர் நடை வந்தபோது நிரந்தர ஊழியர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்களைத்தான் அந்தப் பொம்மை கேலி செய்கிறது என்று தெரியாமல் முன்வரிசை அதிகாரிகள் கை தட்டினார்கள். யார் அமைத்த ஆட்டம் என்று ஒருவரும் அறிவிக்கவில்லை. எச்ஆர் இளைஞருக்குச் சால்வை போட்டார்கள்.

"எம்மவ எப்ப ஆடுவா தாயி?" என்றார் அந்த அம்மா.

"ஆடி முடிச்சாச்சும்மா. இப்ப ஆடுச்சே, அது உங்க பொண்ணோட ஆட்டம்தான். அவ ஆடினதைப் படம் பிடிச்சு, பொம்மைக்கு மாத்திட்டாங்க."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப அவ எங்க?"

"உள்ள வேலையில இருக்காம்மா."

"அவ ஆட்டத்தப் பொம்ம ஆடுதுன்னா, அவ வேலயப் பொம்ம பாக்க வேண்டியதுதான? அவள எதுக்கு உள்ள அடச்சு வச்சிருக்கீக?"

'வச்சிருக்கீக' என்றார். என் கழுத்திலும் கம்பெனி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. செக்யூரிட்டி வேறு பக்கம் திரும்பி, "அந்தம்மா கேக்கறது நாயம்தானே" என்று முணுமுணுத்தார்.

அதே கேள்வியை நான் கொண்டுபோய் எச்ஆர் இளைஞரிடம் எல்லோர் முன்னாலும் கேட்டேன். சால்வையோடு நின்றவர், "நாளைக்குப் பேசலாம்க்கா, இன்னைக்கு ஃபேமிலி எல்லாம் இருக்காங்க" என்றார். இதுவும் ஒரு ஃபேமிலிதான், கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது என்றேன். மறுநாள் எனக்கு மெமோ வந்தது. இன்றுவரை நான் அதற்குப் பதில் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். தொப்பி அழுத்திய கோடு நெற்றியில் தெரிய அவள் ஓடி வந்தாள். தாய் தூக்குவாளியைத் திறந்து அவளுக்கும் மற்ற பெண்களுக்கும் பணியாரத்தைக் கையில் கையில் வைத்தார். உள்ளே போய்ப் பார்க்கவில்லை. ஊரில் அந்தப் பெண் கேட்டால் இப்போதும் பாக்கலன்னுதான் சொல்ல வேண்டும். ராத்திரி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"இங்கனயே ஒருக்கா ஆடிக் காமிடி, நான் பாத்துட்டுப் போறேன்" என்றார் தாய்.

அவள் பணியாரத்தை மென்றபடி காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"காலைலேருந்து நின்னுக்கிட்டே இருக்கேம்மா. காலு வலிக்கி."