கண்டக்குழிக்குப் போன அறுகு

எத்தாளையில் என் வெங்காயப் பாத்திகளுக்குள் வரும் அறுகம்புல்லோடு பன்னிரண்டு வருடமாகச் சண்டை பிடிக்கிறேன். அது தரையோடு படுத்து ஓடும். ஓடுகிற தண்டின் கணுவுக்குக் கணு வேர் விடும். மண்ணுக்குக் கீழேயும் தண்டு வைத்திருக்கும். மண்வெட்டியால் பத்துத் துண்டாக வெட்டினால் பத்து இடத்தில் முளைக்கும். அதாவது, இத்தனை வருடமும் அதைப் பெருக்கியது நான்தான்.

என் மனைவியின் தம்பி கண்டக்குழியில் சுற்றுலா விடுதி நடத்துகிறார். கொழும்பிலிருந்து கொண்டுவந்து முற்றத்தில் பதித்த புல் கடல்காற்றில் கருகியதும் என்னை அழைத்தார்.

“மச்சான், உங்கட தோட்டத்துப் புல்லுல கொஞ்சம் தருவீங்களா?”

“கொஞ்சமா? முழுசையும் எடுங்க.”

இரண்டு சாக்கு கொண்டுபோனேன். ஒரு சாக்குப் புல்லை நானே குந்தியிருந்து முற்றத்தில் நட்டேன். மற்றதை வாகனம் கழுவுகிற இடத்தில் கொட்டிவிட்டு வந்தேன். அவர் எருப் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். ஒரு மாதத்தில் முற்றத்துப் புல் முழுவதும் பட்டுப்போனது. அழிக்கத்தான் தெரியாது என்று நினைத்திருந்த எனக்கு, வளர்க்கவும் தெரியவில்லை என்று வெட்கமாக இருந்தது.

மழைக்குப் பிறகு மறுபடி அழைத்தார்.

“புல் நல்லா வந்திரிக்கி மச்சான். பாய் விரிச்ச மாதிரி.”

“முத்தத்திலயா?”

“இல்ல, வாகனம் கழுவுற இடத்தில.”

போய்ப் பார்த்தேன். அந்தப் புல்லில் கதிரை போட்டு வெள்ளைக்காரர் இருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். என் மோட்டார் சைக்கிளை எங்கே விடுவதென்று கேட்டேன். மைத்துனர் முற்றத்தைக் காட்டினார்.