கேள்வி கேட்காத வீட்டில் நான்கு நாள்

எழுபத்தாறாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. கொழும்புக் கோட்டையிலிருந்து முதல்நாள் புறப்பட்ட தபால் ரெயில் காலை ஏழரைக்குத் திருகோணமலையில் வந்து நின்றது. மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து முதுகுப்பையோடு இறங்கியவர்கள் ஐந்து பேர். நான்கு பேர் வெள்ளையர். ஐந்தாவது ஆள் நான்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது, கலியாணம் ஆகவில்லை. இந்த இரண்டும் பொருந்திய ஒரு தமிழன் இலங்கையில் எந்த ஊருக்குப் போனாலும் என்ன நடக்கும் என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திருகோணமலையிலேயே, பாலையூற்றில், எனக்குச் சித்தப்பா முறையான ஒருவர் இருக்கிறார். அங்கே போனால் கால் கழுவ முதலே சாதகக் குறிப்பு வந்துவிடும். கொழும்பில் நான் பார்க்கிற ஐரோப்பியப் பொடியன்களையும் பெட்டைகளையும் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. பையைத் தூக்குகிறார்கள், போகிறார்கள், கிடைத்த கட்டிலில் படுக்கிறார்கள். அந்தச் சுதந்திரத்தை நான்கு நாளாவது அனுபவித்துப் பார்ப்போம் என்றுதான் வெள்ளவத்தையில் ஒரு பிரயாணி விற்றுவிட்டுப் போன முதுகுப்பையை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

நிலையத்துக்கு வெளியே தேநீர்க் கடை. வெறும் தேநீர் முப்பது சதம். கடைக்காரர் மற்ற நால்வருக்கும் பேசாமல் தேநீரை நீட்டினார். எனக்கு மட்டும், "எவடம் தம்பி? இஞ்ச ஆர் வீட்ட வந்தனீங்கள்?" என்றார். ஒருவர் வீட்டுக்கும் இல்லை என்றேன். அவர் என் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சீனியைக் குறைத்துப் போட்டார் என்றே நினைக்கிறேன்.

உட்துறைமுக வீதிக்குப் பின்னாலுள்ள ஒழுங்கை ஒன்றில் பிரயாணிகளுக்கு அறை விடும் வீடு இருப்பதாகக் கொழும்பில் ஒரு ஜெர்மன்காரர் சொல்லியிருந்தார். கட்டில் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஆறு ரூபாய், காலைச் சாப்பாட்டோடு எட்டு. நடந்து போகக் கால்மணித்தியாலம் எடுத்தது. படலையைத் திறந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. பெயர் றோசலின். கணவர் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர், காலமாகிவிட்டார். வெள்ளைக்காரக் கடற்படை போனபோது ஏலத்தில் எடுத்த இரும்புக் கட்டில்களை வைத்துத்தான் ஏழெட்டு வருடமாக இந்தத் தொழில்.

"இது வெளிநாட்டாக்களுக்கு, தம்பி," என்றார் அவர். "உங்களுக்கு இந்த ஊரில ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை, அக்கா," என்று துணிந்து பொய் சொன்னேன்.

"ஒருத்தரும் இல்லாமல் எப்பிடி? அம்மா அப்பா இருக்கினமோ? எத்தின சகோதரம்? வீட்டில கோவிச்சுக்கொண்டு வந்தனீங்களோ?"

நான் பையை இறக்கி வைத்தேன். "அக்கா, அவையளுக்கு எப்பிடியோ அப்பிடியே என்னையும் விடுங்கோ. எட்டு ரூபா தாறன். ஒண்டும் கேக்காதேங்கோ."

அவர் முகம் சட்டென்று மாறியது. கோபம் என்று நினைத்தேன். அது கோபம் இல்லை, பழகிப்போன ஒரு அடக்கம். உள்ளே போய்த் தடித்த கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். தங்கிப் போகிறவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுதும் புத்தகம். அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்தவர்கள் வருகிறார்களாம். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "வீடு சுத்தம், மீன்குழம்பு அருமை, ஆனால் வீட்டுக்கார அம்மா ஓயாமல் கேள்வி கேட்கிறார், நிம்மதியாக இருக்க முடியாது" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"முந்தி எல்லாரையும் கேக்கிறனான்," என்றார் றோசலின் அக்கா. "கலியாணம் முடிச்சாச்சோ, தாய் தேடமாட்டாவோ, ஏன் இப்பிடி மெலிஞ்சிருக்கிறாய் எண்டு. முதல் வந்த பிள்ளையள் சிரிச்சுக்கொண்டு சொல்லுவினம். ஒரு பெட்டை குசினிக்குள்ள இருந்து என்னட்டத் தலை பின்னிக்கொண்டது. பிறகு வந்த ஆக்களுக்கு அது பிடிக்கேல்ல. இத எழுதினாப்பிறகு ஆக்கள் வாறதும் குறைஞ்சுபோச்சு. என்ர வாயாலதான் கெட்டன் எண்டு விளங்கிச்சு."

அதற்குப் பிறகு ஒரு ஆஸ்திரேலியர் அவருக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு கதவிலும் ஒரு கடதாசி மட்டை தொங்கும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. சிவப்பைத் திருப்பிவிட்டால் தட்டவும் கூடாது, கூப்பிடவும் கூடாது. எனக்கு அது தங்கமான ஏற்பாடாகப் பட்டது. என் அறைக்குள் போன கையோடு சிவப்பைத் திருப்பினேன். பக்கத்து அறையிலும் சிவப்புத்தான் தொங்கியது. உள்ளே டென்மார்க் பொடியன் ஒருவன், பெயர் நில்ஸ், அனுராதபுரத்திலிருந்து புதன்கிழமை வந்தவன். வீட்டில் வேறு ஆள் இல்லை.

பிற்பகல் இரண்டரைக்கு, ஜும்மா தொழுகை முடித்துச் சந்திக்கு வந்த ஹனீபா நானாவின் மொரிஸ் மைனர் வாடகைக் காரில் நிலாவெளிக்குப் போனேன். போக வர முப்பது ரூபாய். அவர் கிண்ணியாக்காரர். உப்புவெளி தாண்டுவதற்குள் எனக்கு அவருடைய ஆறு பிள்ளைகளின் பெயரும் பாடம்.

"வெள்ளக்காரர ஏத்தினா கூலி பேசினதோட சரி, தம்பி. வாயத் திறக்கமாட்டாங்க. பத்து மைலும் வாயப் பொத்திக்கிட்டு ஓட்டினா எனக்கு நெஞ்சடைக்கும்," என்றார்.

நிலாவெளிக் கடற்கரையில் கிடுகுக் குடில்கள் வரிசையாக வந்துவிட்டன. ஒரு குடில் ஐந்து ரூபாய். அடுத்த குடிலில் யார் என்று ஒருவருக்கும் தெரியாது, தெரியவும் தேவையில்லை. ஊருக்குள் குடும்பங்களோடு தங்கிய பிரயாணிகள் எல்லோரும் இப்போது இங்கேதான் என்றார் ஹனீபா நானா. முழங்காலளவு தண்ணீரில் அரை மைல் நடந்தேன். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

ஆறு மணிக்குத் திரும்பி வந்து என் அறைக்குள் புகும்போது, பக்கத்து அறையில் யாரோ முனகுவது போலக் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றேன். கதவில் சிவப்பு. நித்திரையில் பிசத்துகிறான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு போய்ப் படுத்தேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு என் வாசலில் பிட்டும் முட்டைப் பொரியலும் மூடி வைக்கப்பட்டிருந்தன. தட்டவில்லை, கூப்பிடவில்லை. நான் கேட்டுக்கொண்ட மரியாதை அப்படியே கிடைத்தது. பிட்டுச் சூடாக இருந்தது. ஆனாலும் சம்பல் காணுமோ, இன்னும் போடவோ என்று யாராவது கேட்டால் நல்லாயிருக்கும் போல இருந்தது. அந்த நினைப்பு வந்ததற்காக என்மீதே எரிச்சல் வந்தது.

சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவ வெளியே வந்தபோது பக்கத்து வாசலைப் பார்த்தேன். அங்கேயும் ஒரு கோப்பை மூடியபடி. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பின்னால் தேநீர்க் குவளை, மேலே எறும்பு.

"அக்கா, இந்தப் பொடியன் எப்ப சாப்பிட்டவன்?"

றோசலின் அக்கா குசினியிலிருந்து வந்தார். "வியாழக்கிழமை மத்தியானம் ஒருக்கா வெளியில வந்தது. பிறகு சிவப்புப் போட்டிட்டுது. நான் வைக்கிறத வைக்கிறன்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது.

நான் தட்டினேன். பதில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். உள்ளே தாழ்ப்பாள்.

"கோவிக்குமோ தெரியாது. புத்தகத்தில எழுதிப்போடும்," என்று அவர் கையைப் பிசைந்தார். நேற்று மாலை கேட்ட முனகலைச் சொன்னேன். அவ்வளவுதான். "எழுதினா எழுதட்டும்!" என்று சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, தோளைக் கொடுத்துக் கதவை மோதினார். மூன்றாம் மோதலில் தாழ்ப்பாள் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.

நில்ஸ் கட்டிலில் இல்லை, நிலத்தில் கிடந்தான். உடம்பு கொதித்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களை அடையாளம் காணவில்லை. றோசலின் அக்கா அவன் தலையை மடியில் தூக்கி வைத்து, "என்ர ஆண்டவரே, நான் தேத்தண்ணி வச்சிட்டுப் போனனே, தேத்தண்ணி வச்சிட்டுப் போனனே," என்று அழுதார். நான் சந்திக்கு ஓடினேன். ஹனீபா நானா கூலி பேசவில்லை, வாயும் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு மைல்தான். எனக்கு அது கொழும்புக் கோட்டையிலிருந்து வந்த தூரமாகப் போனது.

மலேரியா என்றார் டாக்டர். மூளைக்கு ஏறத் தொடங்கியிருக்கிறது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஒன்றும் செய்திருக்க ஏலாது, இப்போதும் சொல்ல ஏலாது என்றார். வார்ட்டில் பதிகிறவர் பெயர் கேட்டார். நில்ஸ். முழுப்பெயர்? தகப்பன் பெயர்? விலாசம்? றோசலின் அக்கா என்னைப் பார்த்தார். மூன்று நாள் தன் வீட்டில் இருந்த பிள்ளையைப் பற்றி அவருக்குப் பெயருக்கும் நாட்டுக்கும் மேல் ஒரு சொல் தெரியவில்லை.

"கிட்டின சொந்தம் ஆர்?" என்றார் பதிகிறவர்.

"நான்," என்றார் அக்கா.

"நீங்களோ?"

"ஓம். எழுதுங்கோ."

ஞாயிறு முழுவதும் அவன் கண் திறக்கவில்லை. அக்கா காலைப் பூசைக்குப் போகவில்லை. செபமாலையை அவன் கட்டில் தலைமாட்டில் கட்டிவிட்டு, ஈரத்துணியை நனைத்து நனைத்து நெற்றியில் போட்டபடி இருந்தார். கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர் ஊற்றும் பார்க்க வந்தவன் நான். ஆஸ்பத்திரிக்கும் ஒழுங்கைக்கும் இடையில் அக்காவுக்கான கஞ்சிப் போத்தலோடு ஐந்து தரம் நடந்தேன். ஆகவே கோயிலையும் ஊற்றையும் பற்றி வாசகர்கள் வேறு யாருடைய கட்டுரையிலாவது படித்துக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணி. காய்ச்சல் இறங்கியிருந்தது. நில்ஸ் தலையணையில் சாய்ந்து அரைக் கோப்பை கஞ்சி குடித்திருந்தான். பிழைத்துவிட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினான். மட்டையைச் சிவப்பாக்கியது தலையிடிக்காகவாம், கொஞ்ச நேரம் படுக்கலாம் என்று. பிறகு எழும்ப முடியவில்லை.

"ஏன் கூப்பிடவில்லை?" என்று கேட்டேன்.

அவன் தயங்கினான். "துருக்கியில், ஆப்கானிஸ்தானத்தில், எல்லா இடத்திலும் என்னைக் கேள்வி கேட்டே கொன்றார்கள். இந்த அம்மா மட்டும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் வந்தது இவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அதனால்தான் கரைச்சல் கொடுக்க விரும்பவில்லை."

"என்னவாம்?" என்றார் அக்கா.

இதை மொழிபெயர்க்கத்தான் வேண்டுமா என்று எனக்குள் பெரிய போராட்டம். மறைத்தால் அவர் வீட்டுக்குப் போய் இன்னொரு மட்டைக்குச் சிவப்புப் பூசுவார். உள்ளபடி சொன்னேன்.

அக்கா கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "கேளுங்கோ தம்பி, எத்தின சகோதரம் எண்டு." இரண்டு தங்கைமார் என்றான். "தகப்பன் என்ன வேலை?" தச்சுவேலை. "வயசென்ன?" இருபத்திரண்டு. "இவன் இஞ்ச இருக்கிறது அம்மாவுக்குத் தெரியுமோ?" நான் ஆங்கிலத்துக்கு வாயெடுக்க முதலே அவன் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டான். 'அம்மா' என்ற சொல் விளங்கியிருக்க வேண்டும். எட்டு மாதமாக வீட்டுக்கு ஒரு வரி எழுதவில்லையாம். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

தபால் கந்தோரில் ஒரு வான்கடிதத் தாள் வாங்கிவந்தேன். அக்கா சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். மகனுக்குச் சுகம், கஞ்சி குடிக்கிறான் என்பது முதல் வரி. மற்றதெல்லாம் கேள்வி. இந்த வயதுப் பிள்ளையை எப்படித் தனியே விட்டீர்கள்? காய்ச்சல் வந்தால் அவனுக்கு என்ன கொடுப்பீர்கள்? பால் ஒத்துக்கொள்ளுமா? தங்கைமாருக்குக் கலியாணம் பேசியாச்சா? இதையெல்லாம் எழுதவோ என்று ஒரு தரமும் நான் கேட்கவில்லை. இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.

ரெயிலுக்கு நேரமாகிவிட்டது. எழும்பியவனை நில்ஸ் கையைப் பிடித்து நிறுத்தினான். அம்மாவின் பதில் வர மூன்று கிழமையாகும், அதுவரை அக்காவின் வீட்டிலேயே இருக்கலாமா என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றான்.

கேட்டேன். றோசலின் அக்காவுக்கு வந்ததே கோபம்.

"இதெல்லாம் ஒரு கேள்வியோ?" என்றார்.