சுதா சொன்ன மூன்று குறைகள்

இன்று தருமபுரியில் குழந்தைகள் நலக் குழு முன் போய் உட்கார்ந்துவிட்டு வந்தோம். நானும், எங்கள் வீட்டில் வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பெண்ணும். பெயர் சுதா என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது படிக்கிறாள்.

எங்களிடம் வருவதற்கு முன் இரண்டு வீடுகளில் இருந்தவள். யார் கேட்டாலும் "எல்லாம் நல்லா இருக்குங்க" என்றுதான் சொல்வாளாம். அப்படிச் சொல்லிக்கொண்டே இரண்டு வீட்டிலிருந்தும் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். ஒரு முறை அரூர் பஸ் ஸ்டாண்டில் போலீஸ்காரர் ஒருவர் பார்த்துக் கூட்டி வந்தார்.

எங்கள் வீட்டிலும் இதுவரை எல்லாம் நல்லாத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயம்.

குழுவில் இருந்த மேடம் கேட்டார்: "இவங்க வூட்ல ஏதாச்சும் குறை இருக்காம்மா?"

சுதா என்னை ஒருமுறை பார்த்தாள்.

"தெனமும் களிங்க. எனக்குப் புடிக்கவே புடிக்காது. கதவத் தட்டாம உள்ள வர்றாங்க. என்னயக் கேக்காமயே டியூஷன்ல சேத்துட்டாங்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப வேற வூடு பாக்கலாமா?"

"எதுக்குங்க? இவங்க இதெல்லாம் மாத்திக்கிட்டா போதும்."

தண்ணீர் குடிக்கும் சாக்கில் வெளியே வந்து கொஞ்சம் அழுதேன்.

திரும்பும் பஸ்ஸில், "கோவமாக்கா?" என்றாள்.

"இல்ல. ஆனா டியூஷன் போயித்தான் ஆவணும்."

காரிமங்கலம் வரும்வரை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அது இருக்கட்டும். ராத்திரிக்குக் களி இல்லை என்று என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? யோசனை இருந்தால் சொல்லுங்கள்.