நடுச் சுற்றின் கழித்தல் குறி

எழுபதுகளின் கடைசியில் திருகோணமலை மின் உபநிலையத்தில் நான் உதவிப் பொறியியலாளராக இருந்தேன். கலியாணம் ஆகாதவள், கணக்கில் கெட்டிக்காரி என்று பெயர், அந்தப் பெயரால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தினமும் காலை பத்து மணிக்குக் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசுவார். நாட்டின் மின்வலை முழுவதையும் துளையிட்ட அட்டைகளாக்கிக் கம்பியூட்டரில் ஓட்டிப் பார்ப்பது அவருடைய வேலை. எங்கள் நிலையத்தின் எண்களைக் கொடுப்பது என்னுடைய வேலை. நாலு மாதம் பேசினோம். முகம் பார்த்ததில்லை.

மின்கம்பி வழியாகவே வரும் அந்தத் தொலைபேசியில் இரைச்சல் அதிகம். அதனால் நான் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல, அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். நான் சொன்ன எண் அவர் குரலில் திரும்பி வருவது எனக்கு அவ்வளவு பிடிக்கும். சரியாகக் கேட்ட எண்ணையும் கேட்கவில்லை என்று சொல்லி, இன்னொரு தரம் சொல்ல வைத்திருக்கிறேன். கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்த, கிண்ணியா ஊர்க்காரர் ஒருவர் ஒருநாள், "தங்கச்சி, டெலிபோனுக்கு முகம் தெரியாது. பவுடர் எதுக்கு?" என்று கேட்டார். இரண்டு நாள் அவரோடு நான் கதைக்கவில்லை.

எங்கள் பெரிய மின்மாற்றிக்குள் மூன்று கம்பிச் சுற்றுகள். வெளியூரிலிருந்து வரும் மின்சாரத்துக்கு ஒன்று, துறைமுகத்துக்கும் பட்டினத்துக்கும் அனுப்ப நடுவில் ஒன்று, நிலையத்தின் சொந்தத் தேவைக்குச் சின்னதாக ஒன்று. இரண்டு முனை, இடையில் மின்னோட்டத்துக்கு ஒரு தடங்கல் என்றால்தான் கம்பியூட்டருக்கு விளங்கும். ஆகவே மூன்று சுற்றையும் மூன்று கால்களாக்கி, ஒரு கற்பனைப் புள்ளியில் சேர்த்துக் கட்டவேண்டும். மின்மாற்றியைத் திறந்து தேடினாலும் அந்தப் புள்ளி கிடைக்காது. சோடி சோடியாகச் சோதித்த அளவுகளில் இரண்டைக் கூட்டி, மூன்றாவதைக் கழித்து, பாதியாக்கினால் ஒரு காலின் தடங்கல் வரும்.

நடுச் சுற்றுக்கு எனக்கு விடை கழித்தலில் வந்தது. பூச்சியத்துக்குக் கீழே ஒரு தடங்கலா? மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அதே குறி. கணக்கில் பிழை விட்டுவிட்டாள் என்று அவர் நினைத்துவிடுவாரே என்று எனக்குப் பயம். அழிறப்பரால் குறியை அழித்துவிட்டு, வெறும் எண்ணை வாசித்தேன். அவரும் அப்படியே திருப்பிச் சொன்னார்.

இரண்டு கிழமை கழித்து அவர் குரலில் குழப்பம் தெரிந்தது. துறைமுகப் பக்க மின்னழுத்தம் எங்கள் மீற்றரில் இருப்பதைவிடக் கம்பியூட்டரில் குறைவாக வருகிறதாம். "உங்கட மீற்றர் பிழையோ, ட்ரான்ஸ்போமர் பிழையோ தெரியேல்ல. நேரில போய்ச் சோதிக்கச் சொல்லிட்டினம். வெள்ளிக்கிழமை றெயிலில வாறன். ஒரு கிழமை நிக்கவேணும்."

"ஓம், வாங்கோ," என்றேன். அன்று பின்னேரமே கடைத்தெருவில் ஒரு நீலச்சேலை வாங்கினேன். மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வரும் ஒருவரிடம் எருமைத் தயிருக்கும் சொல்லி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை, சோதனைக்கு ஆயத்தம் செய்ய அலுமாரியிலிருந்த மின்மாற்றிக் கைநூலை எடுத்தேன். அதில் இருந்தது: நடுச் சுற்றின் கால் கழித்தலில் வரலாம், புள்ளியே கற்பனை என்பதால் அது பிழையில்லை. என் கணக்குச் சரி. நான் அழித்ததுதான் பிழை.

புதன்கிழமை முழுவதும் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அவர் வரமாட்டார். சொல்லாவிட்டால் வருவார், ஆனால் ஒரு குறையுமில்லாத மின்மாற்றியை ஒரு கிழமை நிறுத்திச் சோதிப்பார், துறைமுகம் திண்டாடும். அவர் வரவேண்டும் என்று நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். என்றாலும் ஒரு பொய்யைப் பார்க்க அவரை அவ்வளவு தூரம் வரவழைக்க மனம் ஒப்பவில்லை.

வியாழன் பத்து மணிக்குச் சொன்னேன். "நடுச் சுற்றின்ர எண்ணுக்கு முன்னால மைனஸ் ஒண்டு இருக்கு. நான்தான் அழிச்சனான்."

"மைனஸ்," என்று திருப்பிச் சொன்னார். எழுதிக்கொள்கிறார் என்று நினைத்தேன். பிறகு, "அப்ப நான் வரத் தேவையில்ல," என்றார்.

"ஓம், தேவையில்ல."

அவர் தொலைபேசியை வைக்கவில்லை. "வேற ஏதும் பிழை இருக்குமோ? ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இல்லை. மிச்சமெல்லாம் மூண்டு தரம் பாத்தனான். ஒரு பிழையும் இல்லை."

"சரி," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பின்னேரம், நான் தங்கியிருந்த உப்புவெளிக்குச் சைக்கிளில் போகும்போது பாதி வழியில் இறங்கி நின்றேன். நாலு மாதத்தில் ஒருநாளும் என் கணக்கை அவர் சந்தேகித்ததில்லை. அன்றும் சந்தேகிக்கவில்லை. வருவதற்கு ஒரு காரணம் கேட்டிருக்கிறார், நான்தான் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தொலைபேசி அடிக்கவில்லை. திங்கட்கிழமை நானே எடுத்தேன். வேறு யாரோ பேசினார். திருகோணமலைக் கணக்குச் சரிவந்துவிட்டதாம், அவரை மலைநாட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம். "என்ன எண் திருத்தவேணும்?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை," என்று வைத்துவிட்டேன். சும்மா வாங்கோ என்று சொல்லத்தான் எடுத்தேன்.