இரும்புப் பந்தும் என் கட்டைவிரலும்

கல்லூரியில் நான் கைப்பந்து ஆடினவள். கடைசி வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு போட்டி முடிந்து திரும்பும்போது, ராஜபாளையத்தில் பஸ் நிற்பதற்குள் இறங்கப் பார்த்து விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது கட்டைவிரல் மடங்கவே இல்லை. “இனிமே பந்து வேண்டாம். ஆனா விரலுக்கு வேலை குடுத்துக்கிட்டே இரும்மா” என்றார் டாக்டர்.

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரில் வேலை பார்த்த என் அண்ணன் லீவில் வந்தான். பெட்டியில் சேலைகளுக்கு நடுவே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பார்க்க டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். டிவியோடு இணைக்க வேண்டும். அதில் ஒரு விளையாட்டு. வருங்காலத்தில் நடப்பதாம். சுற்றிலும் இரும்புச் சுவர், கவசம் போட்ட ஆட்கள், இரும்புப் பந்து. எதிராளியை இடித்துத் தள்ளிப் பந்தைப் பிடுங்கலாம், தப்பே கிடையாது. எங்கள் டிவி கறுப்பு வெள்ளை. யார் எந்த அணி என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

அண்ணன் என்னைப் பன்னிரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்கடித்தான். ஆட்களை நகர்த்தும் ஜாய்ஸ்டிக் குச்சியில் இருந்த பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கினால்தான் பந்தை எறிய முடியும். என் விரல் அமுக்குவதற்குள் பந்து பறிபோய்விடும்.

“ஏட்டி, ஒனக்கு இது ஆகாது. குச்சிய ஒடச்சிராத” என்று சிரித்தான்.

கேலிக்குத்தான் சொன்னான். ஆனாலும் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவனை ஜெயிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் அவன் வெளியே போனதும் அவன் மனைவியை, என் மதினியை, கூப்பிட்டு உட்கார வைத்தேன். மகாராஜபுரம் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் குச்சியைத் தொட்டதுகூட இல்லை.

“நான் எடது கையால குச்சிய ஆட்டுதேன். ‘போடு’ன்னதும் நீங்க பட்டன அமுக்குங்க, மதினி.”

“அமுக்குனா ஏதும் வெடிச்சிராதே?”

தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் ஆடினோம். முதல் வாரம் கம்ப்யூட்டர் அணி எங்களை மிதித்துத் துவைத்தது. நான் கத்தி முடித்த பிறகும் மதினி செத்த நேரம் யோசித்துத்தான் அமுக்குவார். மூன்றாம் வாரம் நான் வாய் திறக்கும் முன்பே அமுக்கினார்.

“கோல் பக்கம் திரும்புனாலே தெரியுதே. பொறவு எதுக்குக் கத்துத?”

அதன் பிறகு எனக்கு எதிராக ஆட அவரை இன்னொரு குச்சியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். என் பட்டனை நானே அமுக்கினேன். வலி முழங்கை வரை ஏறும். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன். முதலில் பத்துக்கு இரண்டு தடவை அமுங்கியது, பிறகு ஐந்து, ஏழு.

அண்ணன் புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, “ஒரு ஆட்டம் ஆடுவமா?” என்று கேட்டேன்.

பாதி ஆட்டத்தில் நான்குக்கு ஒன்று என்று அவன் முன்னால் இருந்தான். என் ஆட்களை இடித்து இடித்துக் கீழே தள்ளினான்.

“ஆள விட்டுட்டு செவுத்துல அடி!” என்று பின்னாலிருந்து மதினி கத்தினார்.

பந்தைச் சுவரில் அடித்து, திரும்பி வருவதைப் பிடித்து எறிந்தேன். விரல் ஏமாற்றவில்லை. ஐந்துக்கு நான்கு என்று ஜெயித்தேன்.

“ஏதோ குருட்டு யோகம்” என்றான் அண்ணன்.

“குச்சிய இங்க குடு” என்று என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு மதினி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த ஆட்டத்தில் அவன் ஒரு கோல்கூடப் போடவில்லை.

அண்ணன் குச்சியைக் கீழே வைத்தான். பிறகு, “காப்பி கிடைக்குமா?” என்றான்.

“அடுப்படியில பால் இருக்கு, நீங்களே போட்டுக்கிடுங்க” என்ற மதினி, அடுத்த ஆட்டத்துக்கு என்னை உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.