யாரிடம் சொன்னால் திறப்பார்கள்

தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சமூகப் பிரச்சினைகளைப் பற்றி நாலு பெரியவர்கள் பேசுகிறார்கள், பிள்ளைகளை அழைத்து வாருங்கள் என்று கடிதம் வந்தபோது எச்.எம். டீச்சர் என்னைத்தான் கூப்பிட்டார். சுரண்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் அப்போது தமிழாசிரியை. இந்த மாதிரிக் கூட்டங்களில் பேச்சாளர் பேசி முடித்ததும் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் முழித்துக்கொண்டு நிற்கக் கூடாதே என்று கேள்விகளை முந்தின நாளே நாங்கள் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்துவிடுவோம். அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலும் அதுதான் வழக்கம். அதில் தப்பு இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு, 'சமுதாய முன்னேற்றத்தில் மாணவியரின் பங்கு என்ன?' என்று எழுதிக் கொடுத்தேன். நன்றாகப் படிப்பாள், குரலும் கணீரென்று இருக்கும். வேனில் போகும்போதே நாலு தடவை ஒப்பித்துக் காட்டினாள். கூட்டம் முடிந்ததும் ஐந்தருவிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். சாரல் நேரத்தில் தென்காசி வரை வந்துவிட்டுக் குற்றாலத்தில் தலை நனைக்காமல் திரும்பினால் பிள்ளைகள் என்னைச் சும்மா விடுமா?

முதலில் பேசியவர் குடியைப் பற்றிப் பேசினார், அடுத்தவர் மரம் நடுவதைப் பற்றி. எனக்குக் கண் சொக்கிக்கொண்டு வந்தது. மூன்றாவதாக ஒரு பெண் டாக்டர். அவர் மேடையில் நிற்காமல் மைக்கோடு கீழே இறங்கி வந்துவிட்டார்.

"ஸ்கூல்ல பாத்ரூம் போக முடியாதுன்னு தண்ணி குடிக்காமலே இருக்கிறவங்க யாரெல்லாம்? வெக்கப்படாமச் சொல்லுங்க" என்று கேட்டார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் பேசி முடித்ததும் மைக் எங்கள் பெண்ணிடம் வந்தது. நான் எழுதிய கேள்வி வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"டாக்டரம்மா, எங்க ஸ்கூல்ல டைல்ஸ்லாம் போட்டுப் புது பாத்ரூம் கட்டியிருக்காவ. ஆனா பூட்டியே கெடக்கு. அதிகாரிங்க வந்தாத்தான் தெறப்பாவ. பழசுல தண்ணியும் வராது, கதவும் கெடையாது. அதனால நாங்க சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டோம். போன மாசம் எனக்கு நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். யார்ட்ட சொன்னா தெறப்பாவ?"

என்னிடம்தான். அந்தச் சாவி என் கைப்பையில் கிடந்தது. பிள்ளைகள் அசிங்கம் பண்ணிவிடும், ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்த்தால் கெட்ட பேர் என்று எச்.எம். டீச்சர் சொன்னார், நானும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன். ஆசிரியைகள் நாங்கள் மட்டும் அதைத் திறந்து போய்விட்டு மறுபடி பூட்டிக்கொள்வோம். எழுதவே கூசுகிறது. அது அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அதைச் சபையில் சொல்லாமல் என்னைக் காப்பாற்றினாள்.

மற்றப் பள்ளி ஆசிரியர்கள் என் பக்கம் திரும்பினார்கள். நான் விறுவிறுவென்று போய் மைக்கை வாங்கினேன்.

"மோட்டார் ரிப்பேர், மேடம். அடுத்த வாரம் சரியாயிடும். பிள்ளைக்கு விவரம் தெரியல."

சிரித்துக்கொண்டே சொன்னேன். பொய் எனக்கு அவ்வளவு சரளமாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதோடு விட்டேனா? எழுதிக் கொடுத்த கேள்வியையும் நானே கேட்டேன். டாக்டர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார், எல்லாரும் கைதட்டினார்கள். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "உக்காருட்டி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

ஐந்தருவியில் இறங்கியதும் மற்றப் பிள்ளைகள் மாற்றுத்துணிப் பைகளை என் காலடியில் போட்டுவிட்டு ஓடினார்கள். அவள் மட்டும் போகவில்லை. நீ கேட்டது சரிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனசுக்குள் சொல்லிக்கூடப் பார்த்தேன். எச்.எம். டீச்சருக்கு என்ன பதில் சொல்வது என்ற பயத்தில், காலடியில் கிடந்த பைகளை எண்ண ஆரம்பித்தேன்.

அவள்தான் முதலில் பேசினாள்.

"கோவமா இருக்கியளா டீச்சர்? எச்.எம். டீச்சர்ட்ட சொல்லிராதீய. அப்பாவக் கூட்டிட்டு வரச் சொன்னாவன்னா என் படிப்ப நிறுத்திருவாவ. தெரியாமப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க டீச்சர்."

அழுதுகொண்டிருந்தாள். நான் யோசிப்பதுபோலப் பைகளை மறுபடியும் எண்ணினேன்.

"சரி, இந்தத் தடவை விட்டுருதேன். இனிமே எழுதிக் கொடுக்கதை மட்டும் கேளு, என்ன?"

தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அருவிக்கு ஓடினாள்.